போணி

கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றச் சொன்னார் ஜவுளிக்கடை சூப்பர்வைசர் பால்துரை.

கழற்றினாள்.

கொலைக் குற்றம் ஒன்றும் இல்லை. நேற்று கஸ்டமர் இல்லாத நேரத்தில் துணிப்பெட்டி மேல் உட்கார்ந்தாள். எழுந்திரு என்றார். முடியாது என்றாள். காலில் நரம்பு சுருண்டு வீங்கிக் கிடக்கிறது, நாள் முழுக்க நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னாள்.

"அப்போ வீட்ல போய் உக்காரு."

இத்தனை வருஷம் நின்ற காலுக்கு அவ்வளவுதான் மரியாதை!

அட்டை, முதலாளி உட்கார்ந்திருந்த கல்லாவுக்குப் போய்விட்டது.

வாசல்வரை வந்தாள். கடை அப்போதுதான் திறந்திருந்தது. சாம்பிராணிப் புகை. இன்னும் ஓர் ஆள் கடை ஏறவில்லை.

நின்றாள்.

திரும்பினாள்.

ரவிக்கைத்துணி கவுண்டருக்கு முன்னால், கஸ்டமருக்குப் போட்ட ஸ்டூலில் ஜம்மென்று உட்கார்ந்தாள். அப்பாடா! தினமும் துடைத்த ஸ்டூல். உட்கார்ந்தது இன்றைக்குத்தான்.

கவுண்டரில் நின்ற ஜெபராணிக்கு வேர்த்துவிட்டது. பால்துரை ஓடி வந்தார்.

"ஏம்மா, ஒன்னப் போகச் சொல்லியாச்சுல்ல?"

"வேலைக்கு வரல சார். போணி பண்ண வந்திருக்கேன்."

பால்துரை ஓரடி பின்வாங்கினார். முதல் வியாபாரத்துக்கு வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைக்குக் கடை விளங்காது. முதலாளி சாமியைவிட அதைத்தான் நம்புவார். கல்லாவிலிருந்து அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பச்சையைக் கேட்டாள். மஞ்சளைக் கேட்டாள். பிறகு கழுத்தைத் தடவினாள்.

"அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்து வலிக்குது தாயி. நீயும் உக்காந்து காட்டு."

ஜெபராணி பால்துரையைப் பார்த்தாள். பால்துரை முதலாளியைப் பார்த்தார். முதலாளி தலையை ஆட்டினார்.

ஜெபராணி ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

போணி பண்ண வந்தவள் அவசரப்படவில்லை. உள்ளுக்குள் பயம்தான். நாளைக்கு யார் வேலை தருவார்கள்? ஆனாலும் இருக்கிற நிறத்தையெல்லாம் பிரிக்கச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் நீலம் எடுத்தாள்.

முதலாளி போணிப் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பையை அவரே நீட்டினார்.

"ராசியான கைம்மா."

வாசற்படியில் பையைத் திறந்தாள். நீலத் துணிக்கு மேலே அவளுடைய அட்டை.

திரும்பிப் பார்த்தாள். ஆட்கள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். ஜெபராணி இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஜெபராணிக்குப் பக்கத்தில், இவள் தினமும் நின்ற இடத்தில், முனகிக்கொண்டே, இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார் பால்துரை.