வெயில் படக்கூடாது

டாக்டரம்மா கண்ணாடியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். மேலுதட்டில் லேசரால் முடி எடுத்த இடத்தில், மீசை வரைந்ததுபோல் கருந்திட்டு.

"ஏம்மா, வெயில் படக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"சொன்னீங்க டாக்டர்."

"சன்ஸ்கிரீன் போட்டியா?"

"போடறேன். பத்து நிமிஷத்துல வேர்வையோட வழிஞ்சிடுது."

"குடை பிடிக்கிறதுக்கென்ன?"

"ரெண்டு கைக்கும் வேலை இருக்கே."

"எதுக்கெடுத்தாலும் ஒரு சாக்கு!" மேசையைத் தட்டினார். "செவிடன் காதுல ஊதின சங்குதான். நீ பண்ற தப்புக்குக் கெட்ட பேரு எனக்கு! இந்தக் களிம்பைத் தடவு. சொறியாதே. மூணு மாசம் வெயில்ல தலையே காட்டாதே. புரியுதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தவர் பதறினார்.

"ஐயோ, மணி பன்னிரண்டு! இன்னும் இங்கேயே நின்னா எப்படி? சிக்னல்ல இப்பதான் கூட்டம் சேரும், ஓடு!"

தினமும்போல் ஐந்நூறு நோட்டீசைத் தூக்கி என் இரு கைகளிலும் வைத்தார். 'கருந்திட்டே வராத லேசர் சிகிச்சை! எங்கள் கிளினிக்கில் மட்டும்!'

வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் துரத்தியது.

"அந்த மாஸ்க்கைப் போட்டுக்கிட்டுப் போம்மா! உன் மூஞ்சியப் பாத்தா எவ வருவா?"