புளுகு பீரியடு

திருவொற்றியூர்ப் பள்ளியின் நூலக அறையில் மதிய வெயில் சன்னல் கம்பிகளைத் தரையில் கோடு கோடாக வரைந்துகொண்டிருக்கிறது. வெளியே கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் உலகமே முடிந்துவிட்டதுபோல் அலமாரிக் கண்ணாடிகள் நடுங்குகின்றன. அதே நடுக்கம், அதே பாச்சை உருண்டை வாசனை. ஓய்வு பெற்றபின் மெஹருன்னிசா டீச்சர் இன்றுதான் வந்திருக்கிறார். நூலகராக இந்த அறையில் அவர் அவிழ்த்துவிட்ட புளுகுகளை அடுக்கினால் எண்ணூர் வரை பாலமே போடலாம். வாரம் ஒரு புளுகு. பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டி அதைப் பிடிக்க வேண்டும். அதுதான் ஆட்டம். பழைய கோணல் ஸ்டூலில் உட்கார்ந்து, முகத்தில் ஒரு பொட்டுச் சிரிப்பும் இல்லாமல் சொல்கிறார்: “கடல்குதிரையில குட்டி போடறது அப்பாதான்.”

“புளுகு!” கூரை பிய்ந்து துறைமுகத்தில் போய் விழுகிற மாதிரி ஏழாம் வகுப்பு கத்துகிறது. “எங்க நைனா வலையில எத்தினி மாட்டிக்கீது, எனக்குத் தெரியாதா டீச்சர்?” என்கிறான் லிங்கேஷ். ஒரே சிரிப்பு. புத்தகம் எடுக்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை. டீச்சர் தன்னையே கேட்டுக்கொள்கிறார்: நம்பாமல் இருக்க மட்டும்தான் கற்றுக்கொடுத்தோமா, தேடிப் பார்க்கக் கற்றுக்கொடுக்கவே இல்லையா?

கடைசி பெஞ்சில் பவதாரணி எழுகிறாள். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி, விரலால் வரியைத் தடவித் தடவி, உதடு அசையப் படிக்கிறாள். முகம் சுருங்குகிறது. அதை வைத்துவிட்டு இன்னொரு தடிப் புத்தகத்தை இழுக்கிறாள். வெயிலில் தூசி பறக்கிறது. அவள் இடுப்பில் கை வைத்துத் திரும்புகிறாள்.

“இன்னா டீச்சர் நீங்க! ரெண்டு புக்குலயும் கீது. நெசத்தச் சொல்லி ஏமாத்திட்டீங்களே!”