வெறும் டிப்ளமா

கண்ணுச்சாமி தர வேண்டியது தொள்ளாயிரத்து நாற்பது ரூபாய்.

ஐம்பத்தேழாம் வருஷம் மகன் சண்முகவேல் ஜெர்மனிக்குக் கப்பல் ஏறியபோது, பட்டாசுக் கம்பெனி முதலாளி சுந்தரபாண்டியிடம் கடன் நோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய பணம். அதே கம்பெனியில் அவருக்குக் கிடைத்த கூலியில் பிடித்ததெல்லாம் வட்டிக்கே சரியாய்ப் போயிற்று. ஏழு வருஷமாக முதல் அப்படியே நின்றது.

இன்றைக்கு மகன் இஞ்சினீயராகத் திரும்பி வந்து, அப்பனோடு திருத்தங்கல் கம்பெனி ஆபீசில் நிற்கிறான்.

முதலாளி அவன் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“டிப்ளமான்னுல்ல போட்டிருக்கு! எம் மகன் கிண்டியிலயே பி.இ. நீ கடல் தாண்டிப் போயும் வெறும் டிப்ளமாதானாலே?”

கணக்கப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“பாவம், டிப்ளமாக்காரன் என்னைக்குச் சம்பாரிச்சு என்னைக்கு அடைக்க? போகட்டும், விட்டுட்டேன்.”

பெட்டியிலிருந்து நோட்டை எடுத்தார். இரண்டாகக் கிழித்தார்.

அவ்வளவுதான், கடன் போயிற்று. வாயை மூடிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான் பாக்கி. சண்முகவேல் அப்பனின் முழங்கையைத் தொட்டான், வாங்கப்பா போவோம் என்கிற மாதிரி.

கண்ணுச்சாமிக்குக் கால் நகரவில்லை.

மகன் கடுதாசியை அடுத்தவரிடம் நீட்டக்கூடாது என்றே நாற்பதைத் தாண்டி ராப்பள்ளிக்கூடம் போய் எழுத்துப் படித்தவர் அவர். ஜெர்மனியில் இஞ்சினீயருக்குப் படிக்கிறவன், முதலில் ஆறு மாதம் பட்டறையில் கூலிக்காரனோடு நின்று அரத்தால் இரும்பு ராவ வேண்டுமாம். எழுத்துக் கூட்டி அதை வாசித்த அன்று, முகம் தெரியாத அந்த ஊர்க்காரர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

“ஒட்டி வச்சுக்கோங்க மொதலாளி. கடன் கெடந்துட்டுப் போகுது. அங்கன டிப்ளமாதான் பெரிய படிப்பு, நம்ம எம்.இ.க்குச் சமம். அம்புட்டுக் கஷ்டப்பட்டு வாங்கினதைக் கொறச்சு மட்டும் பேசாதீக.”

முதலாளி கணக்கப்பிள்ளையைக் காப்பி வாங்கிவர அனுப்பினார். அவர் தலை மறையும்வரை காத்திருந்தார்.

“தெரியும்யா, கண்ணுச்சாமி. ஒம் மகன் படிச்ச அந்த ஜெர்மனிக் காலேஜுக்குத்தான் எம் மகனும் ரெண்டு தடவ எழுதிப் போட்டான். எடம் கெடைக்கலை.”

கிழிந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்து, மறுபடியும் கிழித்தார்.