நான்கு ஜாடிகள்

முப்பத்தொரு நாளில் அவள் பதினேழு பேரின் இதயத்தை அறுத்து எடுத்திருந்தாள். பதினெட்டாவது ஆள் அவள் மடியிலிருந்த டேப்லெட்டில் மல்லாந்து கிடந்தான்.

பழைய எகிப்தில் பிணத்தைப் பதப்படுத்தும் விளையாட்டு. பள்ளிக்கூடம் போகாமல் வீட்டோடு கிடப்பவளுக்குச் சரித்திரப் பாடமாக இருக்கட்டும் என்று அண்ணன்தான் அதை ஏற்றிக் கொடுத்திருந்தான்.

"ஏய், எமன் வீட்டுக் கம்பவுண்டர்!" கையைக் கழுவி, முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு அண்ணன் உள்ளே வந்தான். "எத்தன தடவ சொல்றது? நுரையீரல், கல்லீரல், வயிறு, குடல். நாலும் நாலு ஜாடிக்கு. இதயத்த மட்டும் தொடக் கூடாது. அதைத்தான் தராசுல வெச்சு இறகோட நிறுத்துப் பாத்துட்டு, செத்தவங்கள மேலோகத்துக்குள்ள விடுவாங்க."

"தெரியும்" என்றவள், இதயத்தை விரலால் இழுத்து வெளியே போட்டாள்.

திரையில் நரித்தலைக் கடவுள் கோலைத் தட்டினார். 'இதயம் எங்கே? இல்லாதவனுக்கு உள்ளே இடமில்லை. வாசலிலேயே நில்!'

மாத்திரையும் தண்ணீருமாக நின்ற அம்மா அதைப் பார்த்தாள். வேண்டுமென்றே தோற்கிறாள். எட்டு வயதுக்கு இதென்ன கல்மனசு?

"ஒரு வேளை மாத்திரை தவறினாலும் கைய விட்டுப் போயிடும்" என்று டாக்டர் மகள் எதிரிலேயே எச்சரித்திருந்தார். காலை எட்டு, இரவு எட்டு. அம்மா ஒரு நிமிஷம் பிசகியதில்லை. ஆனாலும் நேற்றிலிருந்து மகளுக்கு முகம் வீங்கியிருக்கிறது. பாத்ரூம் போய் வருவதற்குள் மூச்சு வாங்குகிறது.

"வாயத் திற." மாத்திரை போனது. தண்ணீரும் போனது.

படுக்கையைத் தட்டிப் போட அம்மா தலையணையைத் தூக்கினாள். பென்சில் டப்பா ஒன்று விழுந்து திறந்துகொண்டது. உள்ளே ஆறு மாத்திரைகள், பாதி கரைந்து காய்ந்துபோய்.

"நாக்கத் தூக்குடி!"

ஏழாவது மாத்திரை அங்கே இருந்தது.

அண்ணன் அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டான். அம்மா கட்டிலில் மகளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"ஏன்டி கண்ணு இப்படிப் பண்ணின? உனக்கு என்ன கொற வெச்சோம்?"

கழுத்து வரை பூட்டியிருந்த சட்டைப் பொத்தான்களின் மேல் கையை வைத்துக்கொண்டு, அவள் திரையையே பார்த்தாள். பதினெட்டாவது ஆள் இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான்.

"எனக்கு இதயம் குடுத்துட்டு செத்துப்போன அந்த அக்காவும் இப்படித்தானேம்மா நிப்பாங்க? திருப்பிக் குடுத்துடலாம்மா."