மேட்டுக்கு எட்டாத லைன்

"அவ கீழ இறங்கி வரமாட்டா தம்பி. லைன்தான் மேல போகணும்."

அமிர்தலிங்கம் சமையலறை ஜன்னலைத் திறந்து, லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த தேயிலை மேட்டைக் காட்டினார். பனி இறங்கியிருந்ததால் முதல் நாலு வரிசைச் செடிகளுக்கு மேல் தர்மேந்திரனுக்கு ஒன்றும் தெரியவில்லை. வைஃபை மாட்டிக் கொடுக்கத் திரிங்காப் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான் அவன். இந்த எஸ்டேட்டுக்கு இதுதான் முதல் தடவை.

"மேல யாரு அங்கிள்?"

"என் சம்சாரம் பாஞ்சாலை. மக பூவிழி வெளிநாட்டுல, பெர்த்துல இருக்கா. பத்து மணிக்கு வீடியோவுல வருவா. அம்மாவைப் பாக்கணுமாம்."

"ஆன்ட்டிய இங்க கூட்டிட்டு வந்துட்டா வேலை சுலபம்லா. வீட்டுக்குள்ள நல்லா கிடைக்கும்."

"முப்பத்தஞ்சு வருஷம் நான் கூப்பிட்ட பக்கமெல்லாம் வந்தவதான். இப்ப வரமாட்டேங்குறா."

தர்மேந்திரன் கருவிப் பையைத் திறந்தான். புருஷன் பெண்டாட்டி சண்டைக்குள் வைஃபைக்காரன் தலையை விட்டால் இரண்டு பக்கமும் குட்டு விழும் என்பது தொழிலில் அவன் பட்டுத் தெரிந்துகொண்டது.

அமிர்தலிங்கம் ஒரு பெட்டியை நீட்டினார். நாலு ஆன்டெனா வைத்த புது ரவுட்டர்.

"முந்தாநாள் பேசுறப்ப, முக்கியமான நேரத்துல படம் அப்படியே நின்னுபோச்சு. அன்னிக்கு அழ ஆரம்பிச்ச புள்ள இன்னும் நிறுத்தல. பிரிஞ்சாங் கடையில சொன்னாங்க, இதுல பீம்ஃபார்மிங் இருக்காம். போன் எங்க இருக்கோ அங்க தேடிக்கிட்டுப் போகுமாம். நெசமா தம்பி?"

"பாதி நெசம் அங்கிள். கியா பார்ம் தோட்டத்துல ஸ்பிரிங்கலர் பாத்திருப்பீங்க. சுத்தி எல்லாப் பக்கமும் தண்ணி தூவும். சாதா ரவுட்டர் அப்படித்தான். இது ரப்பர் குழாய் மாதிரி, போன் இருக்குற பக்கமாத் திருப்பிப் பாய்ச்சும். தண்ணி ஒண்ணும் கூடிப்போகாது, அதே தண்ணிதான். ஆனா போன் பதில் கொடுத்துக்கிட்டே இருக்கணும். பதில் வராத பக்கம் போன் எங்க இருக்குன்னு இதுக்குத் தெரியாது."

"பதில் வராத பக்கம்..." என்று அமிர்தலிங்கம் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு இன்னொரு சின்னப் பெட்டியை எடுத்து வந்தார். "பூஸ்டரும் வாங்கிட்டேன். இதை அவகிட்டயே வச்சிடலாமா?"

"அங்கதான் லைனே போகலையே. லைன் இல்லாத எடத்துல பூஸ்டர் எதை வாங்கி எதைக் கொடுக்கும்? பாதி வழியில, லைன் நல்லா இருக்குற எடத்துல வைக்கணும்."

டிவிக்குப் பின்னால் இருந்த பழைய ரவுட்டரைக் கழற்றிவிட்டு, புதியதை ஜன்னல் ஓரத்தில் வைத்தான் தர்மேந்திரன். பூஸ்டரை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வீட்டிலிருந்து கரண்ட் ஒயர் இழுத்து, பின்பக்கக் கோழிக்கூண்டுக் கம்பத்தில் கட்டினான். மணி பத்தாகப் பத்து நிமிடம் இருந்தது.

"பேத்தி பொறந்து நாலு நாளு ஆச்சு" என்றார் அமிர்தலிங்கம். "வயித்தக் கிழிச்சுத்தான் எடுத்தாங்க. மகளால பிளேன் ஏற முடியல. பேத்தி மொகத்தக்கூட பாஞ்சாலை இன்னும் பாக்கல தம்பி."

தர்மேந்திரனுக்கு அந்தப் பெண்மணி மேல் கோபம் கோபமாக வந்தது. பெற்ற பெண் தையல் போட்ட வயிற்றோடு அங்கே அழுதுகொண்டிருக்கிறாள். அப்படி என்ன வீம்பு, மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டு?

அமிர்தலிங்கம் ஒரு சொம்பில் பாலை ஊற்றி எடுத்துக்கொண்டார்.

"ஆன்ட்டிக்கா? குளிருதே, சூடு பண்ணலையா அங்கிள்?"

"வேணாம். பச்சப் பாலுதான்."

இத்தனைக்குப் பிறகும் பால் கொண்டுபோகிற மனிதரைப் பார்க்க அவனுக்குப் பாவமாக இருந்தது. இருவரும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறினார்கள். தர்மேந்திரன் தன் போனில் வைஃபை கோடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தான். இரண்டு கோடு, ஒன்று, மறுபடி இரண்டு. மேலே போய்ச் சேர்ந்தபோது பனியில் அமிர்தலிங்கத்தின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு அடி முன்னால் போய் நின்றார்.

"போனை நெஞ்சோட ஒட்டிப் பிடிக்காதீங்க அங்கிள். உடம்பு மறைச்சிடும். கையை நீட்டிப் பிடிங்க."

போன் மணி அடித்தது. படம் சுத்தமாக வந்தது. கட்டிலில் சாய்ந்திருந்த பூவிழியின் முகம் வீங்கியிருந்தது. தோளில் ஒரு துணிப் பொட்டலம்.

"தெரியுதாம்மா?"

"தெரியுதுப்பா. நல்லாத் தெரியுது."

"இன்னிக்கு அறுந்துபோகாது. தம்பி சரி பண்ணிட்டாரு." அமிர்தலிங்கம் கேமராவைத் திருப்பிப் பிடித்தார்.

பூவிழி துணியை விலக்கிக் குழந்தையின் முகத்தைப் போன் கிட்டே கொண்டுவந்தாள். "அம்மா, உங்க பேத்தி. பாருங்கம்மா."

பனிக்குள்ளிருந்து ஒரு வார்த்தையாவது வரும் என்று தர்மேந்திரன் காத்திருந்தான். பதில் வரவில்லை. அவன் தன் போனைப் பார்த்தான். மூன்று கோடு நிறைந்திருந்தது.

பூவிழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா, அம்மா மேல என் பங்கு ஒரு பிடி மண்ணை நீங்க போட்டுடுங்க."