பட்டுப் புடவையும் ரப்பர் பூட்ஸும்

மூன்றாவது பாட்டுக்கு நடுவில் சீதா மைக்கை விட்டுவிட்டு ஓடிப்போனாள்.

அதுவும் எஸ்டேட் மேனேஜர் துரையே முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது.

அண்ணன்காரன் தங்கையாவுக்கு முகம் செத்துவிட்டது. கிட்டாரை வாசிப்பதா, தங்கச்சியைத் துரத்திப் பிடிப்பதா?

எழுபத்தெட்டாம் வருஷம், தேயிலை எஸ்டேட்டின் விளையாட்டு விழா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பனி இறங்கித் திடல் புல்லெல்லாம் சொதசொதவென்று கிடந்தது. தங்கையாவின் ராக் பேண்டு அதுவரை பக்கத்து ஊர்களில், ரிங்லெட்டில் ஒரு கல்யாணம், திரிங்காப்பில் ஒரு பிறந்தநாள் பார்த்திருந்தது. சொந்த எஸ்டேட்டில் இதுதான் முதல் தடவை.

பாட்டு பெரிய விஷயமில்லை. ஆம்ப்ளிஃபயர்தான் விஷயம். பழைய ரேடியோக்களைப் பிரித்துத் தங்கையாவே பூட்டிய செட்டு அது. ஃபேக்டரியில் வயர்மேன் வேலை காலியாக இருந்தது.

"உன் செட்டு ஒழுங்காப் பாடட்டும். பார்த்துட்டுச் சொல்றேன்" என்றிருந்தார் துரை.

ஆறு வருஷமாக உரமூட்டை தூக்கிக் காய்த்துப்போன தோள். இன்றைக்கு விட்டால் இன்னும் இருபது வருஷம் தூக்க வேண்டியதுதான்.

டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து வேலப்பன் எட்டிப் பார்த்தான்.

"என்னடா உன் தங்கச்சி? மொதப் பாட்டிலேர்ந்தே மைக்கைக் கண்டா மாமியாரைக் கண்ட மாதிரி பின்னால பின்னால போச்சு. இப்ப ஒரேயடியா ஓடிருச்சு லா!"

உண்மைதான். முதல் பாட்டிலேயே சீதா மைக்கை விட்டு ஒரு முழம் தள்ளித்தான் நின்றாள். குரலே எடுபடவில்லை. தங்கையாதான் முதுகில் கைவைத்துத் தள்ளினான்.

"கிட்டப் போய்ப் பாடு! வாயை மைக்குல வைச்சுப் பாடு!"

வைத்தாள். சட்டென்று பின்னால் போனாள். மறுபடி தள்ளினான். மறுபடி போனாள். இப்போது ஆளையே காணோம்.

கூட்டத்தில் விசில் பறந்தது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி நாகரத்தினம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"வயசுப் பிள்ளைய மைக் முன்னால நிறுத்தினா இப்படித்தான். வெட்கம் வந்துருச்சு."

தங்கையா சும்மா நிற்க முடியாமல் செட்டில் இரண்டு பட்டனைத் திருப்பினான். அவன் காலில் ஈப்போ டவுனில் வாங்கின ஷூ, நாலு விரல் தடிமனுக்கு ரப்பர் அடி. ராக் பேண்டுக்காரன் என்றால் அது வேண்டுமே.

தொழிலாளர் லைன் வீட்டுப் பக்கமிருந்து சீதா ஓடி வந்தாள்.

கட்டியிருந்தது அதே பட்டுப் புடவை. காலில், கொழுந்தெடுக்கப் போகும்போது மாட்டுகிற கறுப்பு ரப்பர் பூட்ஸ்.

திடலே சிரித்தது.

"கூடை எங்க தங்கச்சி? கொழுந்தெடுக்கலையா?"

தங்கையா பல்லைக் கடித்தான். "என்னடி கோலம் இது? வெறுங்காலோடதானே நின்னே, அப்படியே நில்லேன்! மானம் போகுது, கழற்று!"

"கழற்ற மாட்டேன். நீ வாசிண்ணே."

மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். வாயை ஒட்டவைத்துக் குரலை எடுத்தாள் பாருங்கள், விசிலடித்தவன் விரலை வாயிலேயே மறந்துவிட்டான். நாலு பாட்டு. அசையவில்லை அவள். துரையின் கால் தாளம் போட்டது.

முடிந்ததும் துரை கூப்பிட்டார்.

"நடுவுல என்ன கோளாறு?"

"சின்னக் கோளாறுதான் துரை."

"யாரு சரி பண்ணினது?"

"நான்தான் துரை."

"குட். திங்கட்கிழமை ஃபேக்டரிக்கு வா."

அப்பாடா! தங்கையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. புது ஷூ வேறு கடித்துக்கொண்டிருந்தது. கழற்றி எறிந்தான். ஈரப்புல்லில் வெறுங்காலோடு நடந்து, மடக்கிவைக்க மைக் ஸ்டாண்டைப் பிடித்தான்.

சுரீர் என்றது. ஆளைத் தூக்கிப் புல்லில் எறிந்தது.

"அண்ணே!"

பொம்பளைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்த சீதா, வயரைப் பிடித்து இழுத்துப் பிளக்கைப் பிடுங்கினாள்.

"தொடாதேன்னு சொல்லத்தான் வந்தேன், அதுக்குள்ள..."

தங்கையா எழுந்து உட்கார்ந்தான். "கரண்டு... எப்பலேர்ந்து?"

"மொதப் பாட்டிலேர்ந்து."

"ஏண்டி சொல்லலை?"

"துரை முன்னாலயா? நீ பூட்டின செட்டு ஆளைக் கொல்லப் பாக்குதுன்னா?" அவள் உதடு வீங்கியிருந்தது. "கரண்டுல கை வைக்கணும்னா ரப்பர் பூட்ஸ் போடணும்னு வீட்டுல நீதானே சொல்லுவே. அதான் ஓடிப் போய்ப் போட்டுட்டு வந்தேன்."

தங்கையா பிளக்கைத் திறந்தான். எர்த் கம்பி கழன்று தொங்கியது. அவன் முறுக்கிய திருகாணிதான்.

'கிட்டப் போ, வாயை வை' என்று அந்த முதுகில் எத்தனை தடவை தள்ளினோம்?

துரையின் ஜீப் கிளம்பிக்கொண்டிருந்தது. வெறுங்காலோடு ஓடினான்.

"துரை! கோளாறு சின்னதில்லை. எர்த் கம்பி கழன்றிருக்கு. என் தப்பு. சரி பண்ணினதும் நானில்லை."

துரை அவனை மேலும் கீழும் பார்த்தார். உரமூட்டையைத் தோளில் ஏற்றிவிட்ட மாதிரி நின்றான் தங்கையா.

"திங்கட்கிழமை வா" என்றார் துரை. "முதல்ல அந்தக் கம்பியை முறுக்கு. ஆமா, நீ இல்லேன்னா யாருதான் சரி பண்ணினது?"

தங்கையா திரும்பிப் பார்த்தான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பூட்ஸ் காலோடு வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சீதா, துரை."