பதினோரு தடவை பார்த்த படம்

புதியவர் சுவர்க் கடிகாரத்தை ஐந்தாவது தடவையாகப் பார்த்ததும் லிட்டர் சாருக்கு எரிச்சல் வந்துவிட்டது. சேர்ந்த முதல் நாளே வீட்டுக்குப் போக இவ்வளவு அவசரமா என்று நினைத்துக்கொண்டார்.

"இங்க கவனிங்க. அஞ்சு மீட்டரையும் வரிசையா மாட்டணும். வால்வைத் திறந்து சரியா நூறு லிட்டர் தண்ணி விடணும். ரெண்டு லிட்டருக்கு மேல கூடவோ குறையவோ காட்டினா அந்த மீட்டர் ஃபெயில்."

"சரிங்க சார்," என்றார் புதியவர். வழுக்கைத் தலை, குட்டையான உருவம், வயது ஐம்பதுக்குக் குறையாது. இந்த வயதில் வேலை தேடி வந்திருக்கிறாரே, பாவம் என்றும் லிட்டர் சாருக்குத் தோன்றியது.

தண்ணீர் மீட்டர் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் சோதனை அறையில் அவர் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறார். அங்கே ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்தான் 'லிட்டர்'. இப்போது பக்கத்து வீட்டுக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். இன்று ஐந்து மணியோடு எல்லாவற்றுக்கும் முழுக்கு.

போன மாதமே ராஜினாமா கொடுத்தாயிற்று. மேனேஜர் நல்ல மனுஷர். "லெட்டர் கடைசி நாள் அஞ்சு மணி வரைக்கும் என் டிராயர்லதான் இருக்கும். மனசு மாறினா ஒரு வார்த்தை சொல்லுங்க, கிழிச்சுப் போட்டுடறேன்," என்றிருந்தார். சோதனை அறையில் இருப்பது ஒரே ஆளுக்கான வேலை.

வீட்டில் மனைவி இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் இப்போதுதான் கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஆனாலும் லிட்டர் சார் அசரவில்லை.

"ஏன் சார் வேலைய விடறீங்க?" என்று புதியவர் மெதுவாகக் கேட்டார்.

கேட்டதுதான் தாமதம், லிட்டர் சார் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒரு படம் பாத்தேன். உண்மைக் கதை. நாப்பத்தொன்பது வயசு, தபாலாபீஸ்ல முத்திரை குத்தற ஆளு. ஒருநாள் எல்லாத்தையும் உதறிட்டு, பழைய படகு ஒண்ண வாங்கிக்கிட்டு கடலுக்குப் போயிடறாரு. கடைசிக் காட்சியில அந்தப் படகு சின்னப் புள்ளியாகி மறையும். தேம்பித் தேம்பி அழுதேன். அது அவரு கதையில்லைங்க, என் கதை."

பதினோரு தடவை பார்த்திருந்தார். பத்தாவது தடவை மனைவியையும் அழைத்துப் போனார். வெளியே வந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அதுக்கப்புறம் அந்த ஆளு சாப்பாட்டுக்கு என்ன பண்ணாரு?"

ரசனை கெட்ட ஜென்மம் என்று நினைத்தபடி லிட்டர் சார் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

"நீங்களும் அவசியம் பாக்கணும்," என்றார் புதியவரிடம். "நம்மள மாதிரி ஆளுங்களுக்காகவே எடுத்தது."

"பாத்திருக்கேன் சார். ஒரே தடவை. கூப்பிட்டு, முன்வரிசையில உக்கார வச்சுக் காட்டினாங்க."

"ஓசி டிக்கெட்டா? அதான் மனசுல ஏறல."

புதியவர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். நாலே முக்கால்.

லிட்டர் சார் கடைசி மீட்டருக்கு இடுக்கியால் முத்திரை வைத்தார். கை என்னவோ இடுக்கியைக் கீழே வைக்க மறுத்தது. மகளின் முகம் கண்முன் வந்து போனது.

"ஏங்க, நான் பண்றது சரிதானே?" என்று திடீரென்று கேட்டார்.

புதியவர் குனிந்து, ஏற்கெனவே இறுக்கமாக இருந்த வால்வை இன்னொரு தடவை இறுக்கினார். "நல்லா யோசிச்சுத்தானே சார் முடிவெடுத்திருப்பீங்க."

ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. மேனேஜர் லெட்டரோடு வந்து நின்றார். "மாத்தம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்று லிட்டர் சார் தலையாட்டினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாவிக்கொத்து புதியவர் கைக்குப் போனது, மேனேஜர் கைகொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

லிட்டர் சார் தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார். "அந்தப் படகுக்கார மனுஷன எங்கயாவது பாத்தா கால்ல விழுந்து கும்பிடுவேன். என் கண்ணத் தொறந்தவரு."

புதியவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டினார். "கால்லயெல்லாம் விழ வேண்டாம் சார். அது நான்தான்."

லிட்டர் சார் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "படத்துல ஆறடி உயரம், சுருட்டை முடி..."

"அது நடிகர் சார்."

"அப்ப கடல்?"

"கடல் அங்கயேதான் இருக்கு. என் படகுதான் மூணே மாசத்துல ஓட்டையாயிடுச்சு. ரெண்டு வருஷமா மச்சினன் வீட்டுலதான் சாப்பாடு. அவன் பேச்சக் கேட்டுக்கிட்டே சாப்பிடணும்."

லிட்டர் சார் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மேனேஜரின் கார் கேட்டைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது.

"அடப்பாவி, வாயத் தொறந்து கேட்டேனேய்யா. அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா இந்த வேலை எனக்குக் கிடைச்சிருக்குமா சார்?"